இறாலுக்குள் ஒரு புள்ளிக் கோலம்

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி அதுதான். அங்கே இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிப்பதுண்டு. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இறால், நம் வீட்டு ஃப்ரீஸரில் ஒரு மாதம் கிடந்தால் சக்கையாகி விடுகிறதே, ஏன்?

குற்றவாளி பனிப் படிகம்தான். ஐஸில் புதைத்த இறால் குளிருகிறதே தவிர, உறைவதில்லை. ஃப்ரீஸரிலோ தசைக்குள் இருக்கும் நீரே உறைந்து படிகமாகிறது. மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெருத்துத் தசையைக் குத்திக் கிழிக்கும். விரைவில் உறைந்தால் அவை பொடிப் பொடியாக இருக்கும். அத்தோடு விட்டதா? இல்லை! நாளாக நாளாகச் சின்னப் படிகங்கள் தேயும். பெரியவை மேலும் பருக்கும். எல்லைப் பரப்பைக் குறைத்துக்கொள்வது இயற்கையின் சிக்கனம்.

சோப்பு நுரையிலும் இதே கதைதான். சிறு குமிழி மறைய, பெரிய குமிழி வளரும். தட்டையான நுரையில் ஆறு பக்கத்துக்குக் குறைந்த குமிழி சுருங்கும், கூடியது வளரும், ஆறே உள்ளது அப்படியே இருக்கும் என்று 1952-ல் கணக்குப் போட்டுக் காட்டினார் வான் நியூமன் என்ற கணித மேதை. காய்ச்சிய உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளும் இப்படித்தான் வளருகின்றன.

அதைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி? நம் இடைப்புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். ஒரே எண் சேர்ந்திருக்கும் இடம் ஒரு மணி. பக்கத்துப் புள்ளியின் எண்ணுக்கு மாறினால் எல்லை குறையுமா? குறைந்தால் மாறு! இதையே லட்சக்கணக்கான தடவை செய்தால், மணிகள் வளருவது கண்முன் தெரியும். 1984-ல் ஆண்டர்சன், ஸ்ரோலோவிட்ஸ், கிரெஸ்ட், சாஹ்னி என்ற நால்வர் இப்படிச் செய்து காட்டினார்கள். வான் நியூமனின் விதி முப்பரிமாணத்துக்கு வர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, நமக்கு இதனால் என்ன லாபம்? இறாலை ஒரு வேளைக்கு வேண்டிய அளவு பிரித்து, தட்டையான பொட்டலமாகக் கட்டி வையுங்கள், சீக்கிரம் உறையும். ஃப்ரீஸர் கதவை அடிக்கடி திறக்காதீர்கள். சூடு ஏறி இறங்கினால் படிகம் பருக்கும். ஒரு தடவை இளகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

சேற்றில் துழாவிய அந்தக் கைகளின் உழைப்பு, நம் சமையலறையில் வீணாகலாமா?