வீரன் ஒருவன்தான், கதை ஏன் மாறுகிறது?

அதே பருப்பு, அதே புளி. அம்மா வைத்தால் சாம்பாருக்கு ஒரு ருசி. அத்தை வைத்தால் வேறு ருசி. கதையும் அப்படித்தான். எழுதும் கை மாறினால் சுவையும் மாறும்.

அமெரிக்காவில் அதிசய வீரர்களைப் பற்றிய படக்கதைப் புத்தகங்கள் ஏராளம். பெரும்பாலும் வீரன் பதிப்பகத்துக்குச் சொந்தம். எழுதுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். வீரன் மட்டும் நிலைத்திருப்பான்.

"டேர்டெவில்" என்ற வீரனைப் பாருங்கள். 1964-ம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் அவனை அறிமுகம் செய்தது. ஸ்டான் லீ எழுதினார். பில் எவரெட் படம் வரைந்தார். அவன் கண் பார்வை இழந்த வக்கீல். பகலில் கோர்ட்டில் வாதாடுவான். இரவில் முகமூடி அணிந்து அக்கிரமக்காரர்களை அடக்குவான்.

1970-களின் கடைசியில் விற்பனை சரிந்தது. மாதந்தோறும் வந்த புத்தகம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. 1979-ல் பிராங்க் மில்லர் என்ற இளைஞர் படம் வரைய வந்தார். 1981-ல் கதையையும் அவரே எழுதத் தொடங்கினார். விற்பனை ஏறியது. மீண்டும் மாத இதழ் ஆயிற்று!

வீரன் மாறவில்லை. முகமூடி மாறவில்லை. மாறியது என்ன?

1986-ல் மில்லர் எழுதிய ஒரு கதையே பதில் சொல்லும். கேரன் என்ற பெண், ஸ்டான் லீ காலத்திலேயே வக்கீலிடம் வேலை பார்த்தவள். போதை மருந்துக்கு அடிமையாகி, முகமூடிக்காரன் யார் என்ற ரகசியத்தை அவள் விற்றுவிடுகிறாள். அது கிங்பின் என்ற கொடியவனுக்கு எட்டுகிறது. அவன் நேரில் சண்டைக்கு வரவில்லை. மறைந்திருந்து சதி செய்கிறான். வீரனின் வக்கீல் தொழில் போகிறது. பாங்கிப் பணம் முடங்குகிறது. கடைசியில் வீடும் குண்டுக்கு இரையாகிறது. அந்தக் குண்டுதான் கிங்பினைக் காட்டிக் கொடுக்கிறது!

ஒன்று நடந்ததால் இன்னொன்று நடக்கிறது. கெட்டவனின் ஆணவமே அவனுக்கு வினையாகிறது. இதுதான் நல்ல கதை அமைப்பு. மாதம் ஒரு எதிரி, மாதம் ஒரு அடிதடி என்றால், படித்த மறுநாளே மறந்து போகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மில்லரின் அந்தக் கதை பெரியவர்களுக்கு உரியது, சிறுவர்களுக்கு அல்ல. ஆனால் அட்டையில் நிற்பவன் அதே முகமூடி வீரன்தான்! ஆகவே, படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எழுதியவர் யார் என்று பாருங்கள். இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். பிறகு குழந்தையிடம் கொடுங்கள்.

முகமூடிக்குள் இருப்பவன் வீரன். அவனுக்கு உயிர் கொடுப்பவர் எழுத்தாளர்.