வலிவு, இழுப்பு, வளர்ச்சி

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆஸ்துமாவின் மலையாளப் பெயர் ‘வலிவு’. தமிழ் அகராதியில் அச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். தமிழில் நாம் சொல்லும் ‘இழுப்பு’ சில வட்டாரங்களில் கைகால் வெட்டி இழுப்பதையும் குறிக்கும். 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொற்கள் மட்டும் இன்றும் எல்லையைக் கடந்து கொண்டிருக்கின்றன.

இரு சொற்களும் மூச்சு திணறும் அந்த நேரத்தையே பெயரிடுகின்றன. இழுப்பு அடங்கியதும் நோய் போய்விட்டதென்று உறிஞ்சு மருந்தை நிறுத்திவிடும் வழக்கத்துக்கு இப்பெயர்களும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இடைப்பட்ட அமைதியான நாள்களிலும் மூச்சுக்குழலின் சுவர் தடிக்கிறது, தசை பெருகுகிறது, நார்த்திசு படிகிறது. டிஜிஎஃப்-பீட்டா முதலிய வளர்ச்சிக் காரணிகள் செல்களுக்கு அனுப்பும் சமிக்ஞைகளுக்கு இதில் பங்குண்டு. குழல் சுருங்குவதே, அழற்சி கூடாமலும், இத்தடிப்பைத் தூண்டக்கூடும் என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அவ்வகையில் ‘இழுப்பு’ முற்றிலும் பொருந்தாத பெயரும் அன்று.

இச்சமிக்ஞைகளைத் தடுப்பது சிகிச்சையாகுமா? இமாட்டினிப் இரத்தப் புற்றுநோய் மருந்து. குருத்தணுக் காரணி வந்து பற்றும் ‘கிட்’ ஏற்பியையும் அது முடக்கும். மாஸ்ட் செல்கள் உயிர்வாழ அந்த ஏற்பி தேவை. கடும் ஆஸ்துமா நோயாளர் 62 பேரிடம் 24 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று: மூச்சுக்குழலின் மிகையுணர்வு குறைந்தது; தசைப்பிடிப்பும் இரத்தத்தில் பாஸ்பேட் குறைவும் கூடின. சிறிய சோதனை, மருந்துச் சீட்டில் எழுத இது போதாது. பெரிய சோதனை ஒன்றைக் கேட்க இது போதும்.

அதைக் கேட்கும் உரிமை நமக்குக் கூடுதலாகவே உண்டு. இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அவ்வலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அம்மறுப்பை உறுதி செய்தது. மாதம் 1,20,000 ரூபாய் அளவில் விற்ற மருந்தின் பொதுப்பெயர் வடிவம் அக்காலத்தில் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. காப்புரிமை ஆதாயம் இல்லாத மருந்தை ஆஸ்துமாவுக்குச் சோதிக்க நிறுவனங்கள் முந்தி வருவது அரிது. பொதுப்பணமே முன்வர வேண்டும்.

மருத்துவர் கூட்டத்தில் மொழியியலாளனுக்கு என்ன வேலை எனலாம். ஒப்புதல் படிவத்தில் ‘வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்து’ என்று அச்சிட்டால், தன் பிள்ளையின் வளர்ச்சி நின்றுவிடுமோ என்று ஒரு தாய் அஞ்சுவாள். அவ்வச்சம் அறியாமையன்று, சொல்லை அவள் சரியாகவே படித்திருக்கிறாள். ‘மூச்சுக்குழலின் சுவரைத் தடிக்கச் செய்யும் புரதம்’ என்பது நீளமான தொடர்தான், ஆனால் ஏமாற்றாது. பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார், ஆசாரிப்பள்ளத்துக்கும் போகிறார். இரு கல்லூரிகளும் சேர்ந்து இச்சோதனையை நடத்தட்டும். படிவத்தை இரு மொழியிலும் முதலில் எல்லையூர் மக்களிடம் படித்துக் காட்டித் திருத்தட்டும்.