கேம் டிசைனர் ஆக லட்சங்கள் வேண்டுமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகள் முதலில் திறப்பது கேமைத்தான். "நானும் கேம் டிசைனர் ஆகிறேன்" என்கிற ஆசை எங்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திற்கும் வந்துவிட்டது. உடனே கடன் வாங்கி கோர்ஸில் சேர்த்துவிடாதீர்கள் பெற்றோர்களே! சாஃப்ட்வேர் எஞ்சினியரான நானே சொல்கிறேன், புரோகிராம் எழுதுவது வேறு, கேம் டிசைன் வேறு. ஆட்டத்தின் விதிகளை யோசிப்பவரே டிசைனர்.

நம் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. ஆடுகளை 12 ஆகக் குறைத்தால் யார் ஜெயிப்பார்? பேப்பரில் வரைந்து நாலு பேரை விளையாட விடுங்கள். எங்கே குழம்புகிறார்கள், எங்கே சலித்துப் போகிறார்கள் என்று குறித்து, விதியை மாற்றி மறுபடி விளையாட விடுங்கள். டிசைனர் தினமும் செய்வது இதைத்தான். (பைசா செலவில்லை!)

கனடாவில் உருவாகி 2023-ல் வெளிவந்த 'வெண்பா' கேமில் துப்பாக்கியும் இல்லை, ரேஸும் இல்லை. பாதி அழிந்த அம்மாவின் சமையல் குறிப்பை வைத்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2024-ல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

பேப்பருக்குப் பின் ஸ்க்ராட்ச், அதன்பின் கோடாட் என்கிற கேம் என்ஜின். இரண்டும் இலவசம். பிளஸ் டூ கணக்கை விட்டுவிடாதீர்கள், பந்து எகிறவும் வெக்டர் வேண்டும். இரண்டு சின்ன கேம்களை முடித்த பிறகும் ஆர்வம் இருந்தால், டிகிரிக்குப் பின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு பற்றி விசாரியுங்கள்.