முசுக்கட்டை வேரும் மண்ணிலுள்ள பூஞ்சாணமும்

பூஞ்சாணம் என்றவுடன் செய்யாறு தாலுகாக் குடியானவர்களுக்கு நெல்லின் குலைநோயும் மணிலாக்கொட்டையின் டிக்கா நோயுமே நினைவுக்கு வருகின்றன. பூஞ்சாணமெல்லாம் பயிருக்குச் சத்துரு என்று அவர்கள் எண்ணுவதில் ஆச்சரியமில்லை. ஆயினும் வேர்களோடு கூடி வாழ்ந்து, அவற்றுக்கு ஆகாரம் தேடிக் கொடுக்கும் பூஞ்சாண இனமும் உண்டு. காட்டு மரங்களின் வேர்களில் இக்கூட்டுறவை ஆராய்ந்து, 1885-ம் ஆண்டில் அதற்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய சாஸ்திரியாகிய பிராங்க் என்பவர். தமிழில் இதனை வேர்ப்பூஞ்சாணம் எனலாம்.

இதன் வேலை யாதெனில், மணிச்சத்து தண்ணீரோடு எளிதில் நகர்வதன்று. செம்மண்ணில் இரும்போடும், சுண்ணாம்பு நிலத்தில் சுண்ணாம்போடும் பிணைந்து, இட்ட இடத்திலேயே நின்றுவிடும். வேரானது தன்னை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மண்ணிலுள்ள சத்தை விரைவில் தீர்த்துவிடுகிறது. பூஞ்சாண இழைகளோ பல சென்டிமீட்டர் தூரம் படர்ந்து, வேருக்கு எட்டாத சத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இதற்குக் கூலியாக, இலையில் உண்டாகும் சர்க்கரையில் ஒரு பங்கை மரம் கொடுக்கிறது.

ஆரணித் தறிகளில் ஓடும் பட்டுக்கு மூலம் மல்பெரி எனப்படும் முசுக்கட்டை இலையே. பாசன வசதியுள்ள வி-1 ரகத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் சிபாரிசு செய்யப்படும் மணிச்சத்து 56 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 50 கிலோ மூட்டைகள் ஏழு. மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைகளில், வேர்ப்பூஞ்சாணம் சேர்த்த செடிகளுக்கு இவ்வளவை வெகுவாகக் குறைத்தும் இலை மகசூல் குன்றவில்லை.

சூப்பர் பாஸ்பேட் இட்டுப் பலன் கண்டவர்கள் இதை ஆட்சேபிக்கக் கூடும். மணிச்சத்து குறைந்த நிலத்தில் அவர்கள் கண்டது உண்மையே. ஆனால், பக்கத்துத் தோட்டத்தார் போட்டார் என்பதற்காகவே ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாய்க் கொட்டுவது வேறு விஷயம். மண்ணில் மணிச்சத்து மிகுந்தால், மரம் கூலி கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும், பூஞ்சாணமும் குன்றும். எருவுக்குப் பணம் கொடுத்தவர், இனாமாய் உழைத்த வேலையாளையும் இழக்கிறார்.

முசுக்கட்டை ஒரு முறை நட்டால் பல்லாண்டு நிற்பது. ஆகையால் கரணை நடும் சமயமே இதற்கு உகந்தது. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேர்ப்பூஞ்சாணக் கலவையை மண்ணுக்குக் கீழ் 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, அதன்மேல் கரணையை நடவேண்டும். வளர்ந்த மரமாயின் ஒன்றுக்கு 200 கிராம் வேர்ப்பகுதியில் இடலாம். இப்பூஞ்சாணம் உயிருள்ள வேரின்றிப் பெருகாது. ஆதலால் மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்தே கலவை தயாரிக்கப்படுகிறது. கோயமுத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் இதனைச் சிபாரிசு செய்கின்றனர். அடிக்கடி ஆழ உழுவதால் இழைகள் அறுபடும். பூஞ்சாண மருந்துகளையும் காரணமின்றி மண்ணில் ஊற்றலாகாது. வேரழுகல் கண்ட தோட்டத்துக்கு இக்கலவை மட்டும் பரிகாரமாகாது என்பதையும் மறக்கக் கூடாது.

எரு மூட்டை வாங்குமுன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் தத்தம் கிராமங்களில் ஏற்படுத்துவார்களாயின், அது பெரும் உபகாரமாகும். நிலமுடையோர் முதலில் கால் ஏக்கரில் இதைச் சோதித்து, இருவகைச் செடிகளின் இலையையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தபின் தாமே முடிவு செய்யட்டும்.