இல்லாதவனுக்கு அபராதமா?

ஒருவனிடம் பணமில்லை என்பதற்காகவே அவனிடம் பணம் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தூத்துக்குடியிலும் தருவைக்குளத்திலும் படகுக் கூலிக்குப் போகிறவன் அந்நாட்களில் பாங்கியில் எதை வைத்திருப்பான்? 'குறைந்தபட்ச இருப்பு' இல்லையென்று, கிடந்த நூறு இருநூறையும் பிடித்துக் கொண்டால், 'எல்லாம் விதி' என்று முனகிக் கொண்டு போகிறான்.

விதிதான், ஆனால் மனிதர் எழுதிய விதி. ஸ்டேட் பாங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் இவ்வபராதமாக 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. கூச்சல் எழுந்தது; 2020 மார்ச்சில் எடுத்தே விட்டது. 2025-இல் கனரா, இந்தியன் பாங்கிகளும் எடுத்தன. எல்லாப் பாங்கிகளும் எடுத்துவிடவில்லை.

1921-லேயே சொந்தமாக ஒரு பாங்கி கண்ட ஊர் இது. அப்படியிருந்தும் பாங்கி மேஜைக்கு முன் நம்மவர்கள் கோவில் வாசலில் நிற்பதுபோல் கைகட்டி நிற்கின்றார்கள்! தோழர்களே, இவ்வபராதத்தால் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்திற்குக் கீழே போகக் கூடாதென்று ரிசர்வ் பாங்கி 2014 நவம்பரில் கட்டளையிட்டு, அது 2015 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. கணக்கில் கடன் காட்டி, பின்னால் வரும் தடைக்கால நிவாரணத்தில் கழிப்பது பச்சை அக்கிரமம். (தவணை திரும்பினால் போடும் கட்டணம் வேறு விஷயம்.) இருப்பே வேண்டாத 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' ஒன்றும் உண்டு. உள்ள கணக்கையே அப்படி மாற்றும்படி எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்க்கு நம் வாசகசாலைத் தோழர்கள் எழுதிக் கொடுக்கட்டும். முத்திரையிட்ட நகலையும் கேட்டு வாங்கட்டும்.