செய்தியாகாத வாள்வெட்டு

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் 'வாள்வெட்டு' என்ற சொல்லுக்குத் தனி இடம் உண்டு. கும்பல்கள் நடத்தும் தாக்குதல்களைக் குறிக்கும் தலைப்புச் சொல்லாக அது பல ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. அத்தகைய தலைப்புகளை நானும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கு நான் சொல்லப்போகும் வாள்வெட்டு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. பொலிஸ் முறைப்பாடும் இல்லை, சந்தேக நபரும் இல்லை. வெட்டியது மேசையில் பூட்டப்பட்ட ஒரு வட்டவாள். வெட்டுண்டவை இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவனின் இடக்கை விரல்கள் இரண்டு.

வடமராட்சியில் எனக்கு நெடுங்காலம் பழக்கமான குடும்பம் அது. தகப்பனார் தச்சர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாடு மின்சாரத்தை இழந்தபோது நான் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் நான் பாடம் படித்த அந்த ஆண்டுகளில், அவர் கைவாளும் சீவுளியும் உளியும் கொண்டு கதவுகளும் யன்னல்களும் செய்துகொண்டிருந்தார். முதிர்ந்த பனையைப் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கிக் கூரைக்கு வளை ஏற்றினார். இன்று எழுபதைக் கடந்துவிட்ட அவருடைய பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. தழும்புகள் உண்டு, குறை இல்லை.

மகன் அதே கொல்லையில், தகரக் கூரையின் கீழ் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறான். லண்டனில் இருக்கும் மாமனார் அவனுடைய சிரமத்தைக் கேள்வியுற்று, கப்பல் பொதியில் ஒரு மேசைவாளை அனுப்பிவைத்தார். நல்ல மனத்தோடு செய்த உதவி. விபத்துக்குப் பின்னர் நான் பார்க்கப் போனபோது, வாளின் மேல் பொருத்த வேண்டிய காப்பும் பின்னால் நிற்க வேண்டிய தகடும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பரணில் கிடந்தன.

"ஏன் தம்பி இதைப் பூட்டேல்லை?" என்று கேட்டேன்.

"காப்பைப் போட்டால் பென்சில் கோடு தெரியாது ஐயா. இஞ்சை ஒருத்தரும் அதைப் போடுறேல்லை" என்றான்.

அந்தப் பதிலின் பின்பாதிதான் என்னை எழுத வைத்தது.

மேசைவாள் எப்படிக் கையை வெட்டுகிறது என்பதை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்தைத் தள்ளுபவரின் பக்கத்தில் வாளின் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. பின்பக்கத்தில் அவையே மேல்நோக்கி எழுகின்றன. சரியாகக் காயாத அல்லது உள்ளே முறுக்கம் கொண்ட பலகையை நீளவாக்கில் அரியும்போது, அரிந்த பிளவு மீண்டும் ஒடுங்கி வாளைக் கவ்வுவதுண்டு. அப்போது பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுபவரை நோக்கி எறிகின்றன. நிமிடத்துக்கு 4,000 தடவை சுழலும் 10 அங்குல வாளின் விளிம்பு, மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பலகையோடு கையும் இழுபட்டால், விலக்கிக்கொள்ள மனிதனுக்கு அவகாசம் இல்லை.

இதைத் தடுப்பது மிக எளிய பொருள். வாளுக்குப் பின்னால், அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் மெல்லிய உருக்குத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். வாளின் தகட்டை விடச் சற்றுத் தடிப்பாகவும், வாள் அரியும் பிளவை விடச் சற்று மெல்லியதாகவும் அது இருக்கும். பிளவு மூடாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. காப்பைக் கழற்றித்தான் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டென்பதை ஏற்கிறேன். காடி வெட்டுவது அவற்றில் ஒன்று. ஆனால் இந்தத் தகடு கோட்டை மறைப்பதில்லை. அதைப் பரணில் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இது நம்மவரின் அசட்டைத்தனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் மேசைவாளால் வெட்டுண்டு அவசர சிகிச்சைக்குச் செல்பவர்கள் சுமார் 30,000 பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் விரலையோ வேறு உறுப்பையோ இழக்கின்றனர் என்றும் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு மதிப்பிட்டிருக்கிறது. தோல் பட்டவுடன் சில மில்லிசெக்கன்களில் வாளை நிறுத்திவிடும் 'சோ ஸ்டொப்' என்ற பொறியும் அங்கு விற்பனையில் உண்டு. அதன் விலை நமது கொல்லைப் பட்டறைகளுக்கு எட்டாதது. தகடோ இயந்திரத்தோடு இலவசமாகவே வருகிறது.

அப்படியானால் தவறு எங்கே? கைக்கருவி ஒரு குருவோடு வந்தது என்பதே என் எண்ணம். தகப்பனாருக்கு உளி பிடிக்கக் கற்றுத் தந்தவர், கையை எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுத் தந்தார். தவறினால் தலையில் ஒரு குட்டும் விழுந்தது. இயந்திரமோ பெட்டியில் தனியாக வருகிறது. லண்டன் மாமனார் அங்கு வேலை செய்யும் இடத்தில் காப்பைக் கழற்றினால் முதலாளி விடமாட்டார், சட்டமும் விடாது. இலங்கையிலும் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான இயந்திரப் பாகங்களை அடைத்து மூடவேண்டும் என்கிறது. ஆனால் கொல்லையில் தனியாளாக நின்று பலகை அரிபவனைப் பார்க்க எந்தப் பரிசோதகர் வரப்போகிறார்?

இயந்திரமே வேண்டாம், பழைய கைவேலையே போதும் என்று சொல்லும் அன்பர்களும் உண்டு. அது சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்லும் யோசனை. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர், தென்னிலங்கைத் தளபாடங்கள் இங்கு தாராளமாக வந்து இறங்குகின்றன. மொறட்டுவையின் பட்டறைகளோடு கைவாளை மட்டும் வைத்துக்கொண்டு போட்டியிடும்படி ஓர் இளைஞனிடம் கூறுவது, தொழிலை விட்டுவிடு என்று கூறுவதற்குச் சமம். இயந்திரம் வரட்டும். முழுமையாக வரட்டும்.

ஆகவே ஊருக்கு இயந்திரம் அனுப்பும் உறவுகளிடம் சில வார்த்தைகள். கனடாவில் வாங்கும் வாள் 120 வோல்ற் மின்சாரத்துக்கு உரியது. இங்கு மின்சாரம் 230 வோல்ற். மாற்றி இல்லாமல் செருகினால் மோட்டர் எரியும். அங்கு 60 ஹேர்ட்ஸ், இங்கு 50 என்பதால், மாற்றி இருந்தாலும் சிலவகை மோட்டர்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடும். பனைமரத்தின் கறுத்த வன்னார் சாதாரண வாளை விரைவில் மழுங்கடிக்கும். மழுங்கிய வாளுக்கு மேலும் அழுத்தித் தள்ள வேண்டும், அழுத்தும் கைதான் வழுக்கும். ஆதலால் கார்பைட் பல் வைத்த வாளை அனுப்புங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995 இலேயே வகைப்படுத்திவிட்டது. பட்டறைக்கும் அடுப்படிக்கும் இடையில் ஒரு கிடுகுத் தட்டி மாத்திரம் இருக்கும் வீடுகளில், தூசு உறிஞ்சும் கருவி ஆடம்பரம் அல்ல.

இவற்றை விட மலிவானது ஒன்று உண்டு. தொலைபேசியில் ஐந்து நிமிடம். தகட்டைப் பூட்டினாயா, காப்பைப் பூட்டினாயா என்று கேளுங்கள். தொங்கும் சாரத்தோடு வாளருகே நிற்காதே, கையுறை போடாதே, அதையும் வாள் சுருட்டி இழுக்கும் என்று சொல்லுங்கள். பணம் அனுப்பும்போது கணக்குக் கேட்கத் தயங்காத நாம், இதைக் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்?

சென்ற மாதம் மீண்டும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் வேலைக்குத் திரும்பிவிட்டான். காப்பும் தகடும் பரணிலிருந்து இறங்கிவிட்டன. மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், மரத்தைத் தள்ளுவதற்கான வேப்பந்தடி ஒன்று தொங்கியது. நுனியில் பலகையைக் கவ்வ ஒரு வெட்டு, பிடிக்க வளைவான கைப்பிடி. மின்சார வாளைத் தம் வாழ்நாளில் தொட்டிராத தகப்பனார் உளியால் செதுக்கிக் கொடுத்தது.

"இதை முதலே செய்திருக்கலாம் தம்பி, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் அவர்.