யார் கடைந்த பொம்மை என்று கேட்டீர்களா?

சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிற ஆட்கள் நாம். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டோம். அதே நமக்கு முன்னால் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டியை வைத்து, சணல் கயிறு கட்டி, இரண்டு பச்சை இலை படம் போட்டு, ‘ஹேண்ட்மேட்’, ‘எக்கோ ஃப்ரெண்ட்லி’ என்று அச்சடித்திருந்தால் வாயே திறப்பதில்லை. கேட்ட விலையை ஜிபேயில் தட்டிவிடுகிறோம். பிள்ளைக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதி வேறு. சொன்னால் கோபம் வரும், வரட்டும். அந்தப் பெட்டியில் பாதி நம் மனச்சாட்சிக்கு வாங்கின சாமான்.

‘கையால் செய்தது’ என்றால் யார் கை? எந்த ஊர்? மேலே பூசியிருப்பது என்ன? வாயில் வைத்துக் கடிக்கப்போகிற பொருளைப் பற்றிக் கேட்க இதைவிட எளிய கேள்வி இருக்கிறதா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாம் கேட்பதெல்லாம் “லிங்க் ப்ளீஸ்” மட்டும்தான்.

மரப்பொம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து மைசூர் போகிற சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது சென்னபட்டணா. அங்கே பொம்மைக்குப் பெரும்பாலும் பயன்படுவது வெட்பாலை மரம். நம் ஊரில் தோல் வியாதிக்குத் தைலம் காய்ச்ச இலை பறிப்பார்களே, அதே மரம்தான். கட்டையை நன்றாக உலர்த்தி, கடைசல் இயந்திரத்தில் மாட்டி, உளியை வைத்து உருட்டி எடுக்கிறார்கள். வண்ணம் ஏற்றுகிற விதத்தைத்தான் பார்க்கவேண்டும். பொம்மை சுழன்றுகொண்டிருக்கும்போதே, நிறம் கலந்த அரக்குக் குச்சி ஒன்றை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் வளையம் வளையமாக ஏறும். பிரஷ் கிடையாது, தின்னர் கிடையாது. பிறகு காய்ந்த தாழை மடலை வைத்து ஒரு அழுத்து, முகம் தெரிகிற பளபளப்பு வந்துவிடும். அரக்கு என்பது புரசு, இலந்தை மாதிரியான மரங்களின் கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கிற பிசின். குழந்தை கடித்தால் கவலைப்படத் தேவையில்லை என்று சொல்வது இந்த முறையில் செய்ததற்குத்தான். அரக்கில் கலக்கும் நிறமும் முக்கியம். ஆந்திராவின் ஏட்டிகொப்பாகாவில் தாவரச் சாயத்துக்கே திரும்பியவர்கள் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. எனவே அதையும் கேட்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சரக்கும் அதே பழுப்புப் பெட்டியில் வருகிறது. மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை, அதன்மேல் ஸ்பிரே பெயிண்ட், அதன்மேல் இலை படம். பெட்டியைத் திறந்ததும் தின்னர் வாடை அடித்தால் அது அரக்கு இல்லை. நகத்தால் சுரண்டும்போது செதில் செதிலாக வந்தாலும் இல்லை. கெட்டி மஞ்சளையும் சிவப்பையும் கண்டால் எனக்குச் சந்தேகம் கூடுதல், ஏனென்றால் ஈயம் கலந்த நிறமிகள் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் இடம் அது. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது, 2017 நவம்பரிலிருந்து. ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கான விதி, தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் அடங்காது. பட்டறை மூலையில் கிடக்கும் டப்பா எந்த வகை என்று யாருக்குத் தெரியும்? வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு இழுத்துக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவுதான் வரலாம், அதுவரை பாதுகாப்பு என்று ஒரு அளவும் அது வைக்கவில்லை.

“ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே, அது போதாதா?” என்பீர்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம், உண்மைதான். ஆனால் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீட்டுக்குப் பதிவான பொருளுக்கும் விலக்கு உண்டு. நியாயமான விலக்கு. வீட்டுத் திண்ணையில் பட்டறை வைத்திருப்பவர் பரிசோதனைக்கூடத்துக்கு எங்கே போவார்? முத்திரை இல்லாத கைவினைப் பொம்மை எல்லாம் கள்ளச் சரக்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அதே சமயம், விலக்கு என்பது பரிசோதித்துத் தேறிய சான்று அல்ல. பதிவு செய்த கைவினைஞரிடம் ‘பெஹ்சான்’ அடையாள அட்டை இருக்கும். கேட்டால் காட்டுவார், அநேகமாகப் பெருமையோடு காட்டுவார். நடுவில் வாங்கி விற்கிற ஆன்லைன் கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா, ‘மேம், இட்ஸ் ஹேண்ட்கிராஃப்டட் வித் லவ்’ என்று வருகிறதா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பாரம்பரியம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான் எனக்கு உயிர். குட்டி அடுப்பு, குட்டி உரல், இட்லிப் பானை, குத்துவிளக்கு, அந்த ஓலைப்பெட்டி வாசனை! ஆனால் அது மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கொடுக்கிற பொருளே அல்ல. அந்த வயதுக்கான பொம்மையின் எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் அகல உருளைக்குள் முழுசாக அடங்கிவிடக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவே. செப்புத் தம்ளரும் குடமும் அதற்குள் உருண்டு போய்விடும். தொண்டையில் சிக்கினால் அது பிளாஸ்டிக்கா, பாரம்பரியமா என்று மூச்சுக்குழாய் பார்க்காது. நான்கு வயதில் எடுத்துக் கொடுங்கள், அதுவரை கொலுவில் இருக்கட்டும். ஒரு வயதுப் பிள்ளைக்கு நடைவண்டி இருக்கிறது, பெரிய கிலுகிலுப்பை இருக்கிறது.

இப்போது நம்முடைய பேரம். குற்றாலம் போகிற வழியில் கடையோரம் காரை நிறுத்திவிட்டு, 350 ரூபாய் நடைவண்டிக்கு “இருநூறுக்குக் கொடுங்கண்ணே” என்று அரைமணி நேரம் நிற்கிறோம். அதே மாதிரி வண்டியை மாலில் 2,400 ரூபாய்க்கு வைத்திருந்தால், பில்லில் இருக்கிற எண்ணைப் பார்க்கக்கூட நேரமில்லை. நேர்மையான பொருள் வேண்டும் என்கிறவர்கள் நேர்மையாக விலை கொடுக்கவேண்டாமா? கண்காட்சியில் நேராகக் கைவினைஞரிடமே வாங்கும்போது, அல்லது அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையத்தில் வாங்கும்போது, விலையைப் பிடித்து இழுக்காமல் இருந்தாலே பாதி அறம் அங்கே முடிந்தது. கடைந்தவர் பிள்ளை அந்தத் தொழிலுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறான் என்று நாம் பிறகு மேடையில் கவலைப்படவேண்டியதில்லை.

துணி விஷயத்தில் நம் அலட்சியம் இன்னும் பெரிது. ‘ஆர்கானிக் காட்டன்’ ஜபலா என்றதும் வாங்கிவிடுகிறோம். அந்த இரண்டு சொல் பருத்தி விளைந்த வயலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. நூல் நூற்ற பெண்ணுக்கு என்ன கூலி, சாயத்தண்ணீர் எங்கே போனது என்பதைப் பற்றி மூச்சு விடாது. இது எங்கோ தூரதேசத்துக் கதை இல்லை. சாயக்கழிவால் நொய்யல் என்ன ஆனது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது என்ன என்று கொங்குநாட்டு விவசாயியைக் கேளுங்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுமளவுக்குப் போனது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலப் பெயரில் வளரிளம் பெண்களை மில் விடுதிகளில் வருஷக்கணக்காக அடைத்து வேலை வாங்கியதும் இந்த மண்ணில்தான். அதன்பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பட்டறைகள் வந்திருக்கின்றன, ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது நம் வேலை. ஆர்கானிக் துணிக்கான ‘காட்ஸ்’ (GOTS) முத்திரை சாயத்தையும் வேலையாட்களின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்கிறது. சீட்டில் உரிம எண் இருக்கும், அதை வைத்து அவர்களுடைய பொதுப் பட்டியலில் தேடலாம், ஐந்து நிமிஷ வேலை. எண் இல்லாமல் வெறும் இலை மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

‘மூங்கில் துணி’ என்று ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான். மூங்கில் என்ற பேரில் ரேயானுக்கு இரட்டை விலை கொடுக்கிறீர்கள்.

டயப்பரா, துணியா என்ற சண்டையில் பலர் விறைப்பாக நிற்பதைப் பார்க்கிறேன். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் கணக்குப் பார்த்தது. இரண்டரை ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் டயப்பரால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெளியேற்றம், துணியால் சராசரியாக 570. துணி கட்டினால் பூமி பிழைத்தது என்று தானாகச் சொல்லிவிட முடியாது. எந்திரத்தை நிறைத்துத் துவைத்து, வெயிலில் கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால்தான் துணியின் கணக்கு 40 சதவீதம் குறைகிறது. மொட்டைமாடியும் வெயிலும் இலவசமாக வைத்திருக்கிற நாம், டிசைன் டிசைனாக இருபத்தைந்து நாப்பி ஆர்டர் போட்டு ட்ரையரில் உலர்த்தினால் என்ன சொல்வது? பாட்டி எடுத்து வைத்திருக்கும் பழைய வேட்டியைக் கிழித்து லங்கோடு கட்டினால் கௌரவக் குறைச்சலா? அக்கா பிள்ளை போட்ட சட்டையை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? துவைத்துத் துவைத்து மிருதுவானது, புதுச் சாய வாடை போனது, செலவே இல்லாதது. இதைவிடப் பசுமையான பொருளை எந்தக் கம்பெனியும் விற்கப்போவதில்லை, அதனால்தான் விளம்பரமும் வருவதில்லை.

கடைசியாக அந்தப் பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட். விதை பென்சில் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதை ஏன் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜிகினா ரிப்பன் கட்டி, ‘சேவ் எர்த்’ ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள்? வந்த பிள்ளைக்கு ஒரு மரப்பம்பரம் போதும், சாட்டைக்கயிறோடு. அதையும் முந்தின நாள் ராத்திரி மொபைலில் தேடாதீர்கள். கடைசல்காரரிடம் மூன்று வாரம் முன்பே சொல்லி, முன்பணம் கொடுத்துவிடுங்கள். அரக்கு வண்ணமாகவே வேண்டும் என்று சொல்லுங்கள், கட்டை காய அவகாசம் கொடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்பார், நச்சரிக்காதீர்கள்.